ஐந்து பேர் சுமந்த முழங்கால்

கஸ்பாரின் முழங்கால் வலிக்கத் தொடங்கியபோது கஸ்பார் சிரித்துக்கொண்டிருந்தான். வலித்தது பெத்துராஜுக்கு.

உப்புக் குடோனுக்குள் அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை மத்தியானம், முதல் சோதனை. கஸ்பாரின் இடது காலில் ஒரு கறுப்புப் பட்டை, பெத்துராஜின் இடது காலில் அதே மாதிரி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருபதடித் தூரம். ஒயர் இல்லை, ஒன்றும் இல்லை. நேற்றுவரை சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டியவன் நாலெட்டு நேராக நடந்தான். அப்புறம் குதித்தான். அப்புறம் மூட்டை அடுக்கைச் சுற்றி ஒரு ஓட்டம் ஓடி வந்து, "மாமா, புதுக்கால் மாதிரி இருக்கு மாமா" என்றான்.

பெத்துராஜ் ஒரு உப்பு மூட்டையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். அவருடைய நல்ல முழங்காலுக்குள் யாரோ துருப்பிடித்த போல்ட்டை விட்டுத் திருகுவது மாதிரி இருந்தது. பட்டையின் ரப்பர் வாடை குமட்டியது. குனிந்து பார்த்தார். கால் எப்போதும் போலத்தான் இருந்தது, வீக்கம்கூட இல்லை. வலிக்கிற இடத்தில் வலிக்க ஒன்றுமே இல்லை என்பதுதான் அவருக்கு அருவருப்பாக இருந்தது. எச்சிலைக் கூட்டித் துப்பினார்.

தூத்துக்குடித் துறைமுகத்தில் அப்போதெல்லாம் கப்பலில் ஆள் கிடையாது. கிரேனில் ஆள் கிடையாது. எங்கேயோ குளிரறையில் உட்கார்ந்து எவனோ இயக்குவான், இரும்பு தானாக எழுந்து தானாக இறங்கும். உப்பை மட்டும் மனுஷன்தான் ஏற்றினான். உப்புத் தூசி எந்த எந்திரத்தையும் ஆறு மாதத்தில் தின்றுவிடும். மனுஷனைத் தின்ன இருபது வருஷம் பிடிக்கும். அதனால் லோடுமேன் வேலை மிச்சம் இருந்தது.

பெத்துராஜின் செட்டில் ஆறு பேர். தலைவர் ரத்தினம் அண்ணாச்சிக்கு ஐம்பத்தெட்டு வயசு. பிறகு பெத்துராஜ், வாய் ஓயாத அலங்காரம், கோயில்பிச்சை, கோயில்பிச்சையின் தம்பி. கடைசியில் கஸ்பார், இருபத்தாறு வயசு. பெத்துராஜுக்கு ஜோடி அவன்தான். மூட்டையின் ஒரு முனையை இவர் பிடித்தால் மறுமுனையை அவன் பிடிப்பான். பெத்துராஜ் நாற்பது வயதுவரை லோடுமேன் கால்பந்து டீமில் ஸ்டாப்பர் ஆடியவர். அவர் ஓய்ந்தபோது வந்தவன் கஸ்பார். காலில் பந்து ஒட்டிக்கொண்டே போகும். அவன் ஒருத்தனால்தான் டீம் பைனலுக்கு வந்தது. எதிரே கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் டீம். பதினோரு வருஷமாக அவர்களை ஜெயித்ததில்லை. லோடுமேன் எவனாவது தடுக்கி விழுந்தால் அந்தப் பக்கத்துக் கூட்டம் "உப்பு மூட்டை உருளுதுலே" என்று கத்தும்.

போன ஞாயிறு அரையிறுதியில் கஸ்பார் ஒரு பள்ளத்தில் காலை வைத்துத் திரும்பினான். பெரியாஸ்பத்திரி டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, ஜவ்வு பாதி கிழிந்திருக்கிறது, தைத்துப்போட்டு ஆறு மாதம் சும்மா இருந்தால் பழையபடி மூட்டை தூக்கலாம், இப்போது ஓடினால் முழங்காலே போய்விடும் என்று சொல்லி அனுப்பினார்.

திங்கட்கிழமை கஸ்பார் இல்லாமல் ஆடிப் பார்த்தார்கள். தீயணைப்பு நிலையத்துக்காரர்களிடம் ஐந்து கோல் வாங்கினார்கள். பந்து கிடைத்தவனெல்லாம் வழக்கப்படி தலையைத் தூக்கிக் கஸ்பாரைத் தேடினான். அவன் கோட்டுக்கு வெளியே கட்டையை ஊன்றி நின்றான். கஸ்பார் இடத்தில் ஆடினவன் பாதியிலேயே பனியனைக் கழற்றி அவன் காலடியில் போட்டுவிட்டுப் போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை கான்ட்ராக்டர் ஜெபராஜ் ஒரு சென்னைக்காரப் பெண்ணைக் கூட்டி வந்தார். பெயர் மிருதுளா, பட்டை செய்கிற கம்பெனி. கையில் ஒரு பெட்டி, முகத்தில் உப்புத் தூசிக்குப் பயந்து ஒரு துணி.

ஊசி போட்டு மரத்துப்போகச் செய்யலாமே என்று ரத்தினம் கேட்டார். ஊசி போட்டால் பந்து பட்டதும் தெரியாது, ரத்தப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்வார் என்றாள். இது வலியை மட்டும் எடுக்கும், தொடுவதெல்லாம் தெரியும்.

"எடுத்து எங்க தாயி போடும்?" என்றார் ரத்தினம்.

"வேற ஒருத்தர்கிட்டதான் அண்ணா. வலியை அழிக்க முடியாது. நரம்பு கூப்பிட்டுக்கிட்டே இருக்கும். ஏதாவது ஒரு மூளை கேட்டுட்டேன்னு பதில் கொடுத்தாதான் அடங்கும். அது யாரோட மூளைன்னு நரம்புக்குத் தெரியாது."

"அப்ப எங்க வீட்டுக்காரி தலைவலிய அவ அம்மைக்கு மாத்திரலாமா?" என்றான் அலங்காரம். எல்லாரும் சிரித்தார்கள். மிருதுளாவும் துணிக்குள் சிரித்தாள்.

அவள் சொன்ன முறை இதுதான். ஒருத்தர் சுமந்தால் தாங்காது, ஐந்து பேர் பங்கு போட வேண்டும். ஆட்டத்தின்போது பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் காதில் மாட்டிய கருவி எத்தனை என்று கேட்கும். ஒன்றுமில்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் பத்து. ஐந்து பேர் சொல்வதையும் கூட்டி முப்பதைத் தாண்டினால் கஸ்பாரை வெளியே எடுத்துவிடுவார்கள். கால் கெடாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

"ஒருத்தர் ஆறுக்கு மேல சொன்னா அவர் பங்கைக் குறைச்சு மத்த நாலு பேருக்குப் பிரிச்சுவிட்டுடும். அதனால நீங்க யாரும் கஷ்டப்பட வேண்டியதில்ல" என்றாள். உதவியாக நினைத்துத்தான் சொன்னாள்.

அந்த ஐந்து பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவளுக்கு அது தெரியாது.

செட்டில் ஒரு வழக்கம். இரண்டு பேர் மூட்டையைத் தூக்கி மூன்றாமவன் முதுகில் வைப்பார்கள். வைத்ததும் "கனமா?" என்று கேட்க வேண்டும். "காத்து" என்று அவன் சொல்ல வேண்டும். மழைக்காலத்தில் உப்பு நனைந்து மூட்டை அறுபது கிலோவைத் தாண்டும். அப்போதும் காத்துதான். காய்ச்சலோடு வந்தவனும் காத்துதான். முடியவில்லை என்று ஒருத்தன் சொன்னால் அந்த மூட்டை மாயமாகிவிடாது, இன்னொருத்தன் முதுகுக்குப் போகும். இருபத்திரண்டு வருஷத்தில் பெத்துராஜ் வேறு வார்த்தை சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லிக் கேட்டதும் இல்லை.

கஸ்பார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. என் காலுக்கு நீங்கள் ஏன் சாக வேண்டும் என்றான். டாக்டர் சொன்னதைச் சொன்னான். வீட்டில் பிளாரன்ஸ் ஏழு மாதம், இந்தக் கால்தான் சோறு என்றான். அதற்குள் டீம் பையன்கள் பத்துப் பேரும் குடோன் வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் கெஞ்சவில்லை. சும்மா நின்றார்கள். கடைசியில் பேசியது பெத்துராஜ்தான்.

"ஒரு மூட்டைய அஞ்சு பேரு தூக்கப் போறோம். முப்பதுக்கு மேல போனா ஒன்ன வெளிய எடுத்துருவாங்க. ஒனக்கு என்னலே?"

பின்னால் எத்தனையோ நாள் அந்த வார்த்தை அவர் வாயில் மீன் செதில் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது.

நாலு பக்கத்துக்குக் காகிதம் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார்கள். மற்றவர்கள் உடனே போட்டார்கள். பெத்துராஜ் முப்பத்தெட்டு வயதில் சங்கத்து வகுப்பில் எழுத்துப் படித்தவர், அதனால் எந்தக் காகிதத்தையும் படிக்காமல் தொடுவதில்லை என்று ஒரு வீம்பு உண்டு. எழுத்துக் கூட்டி முதல் பக்கத்தை முடித்தபோது ஜெபராஜ் சொன்னார்:

"வே பெத்துராஜு, நீரு படிச்சு முடிக்கதுக்குள்ள கோப்பைய எவனாவது வீட்டுக்குக் கொண்டு போயிருவான்."

எல்லாரும் சிரித்தார்கள். பெத்துராஜுக்கும் சிரிப்பு வந்தது. மிச்ச மூன்று பக்கத்தையும் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்று மத்தியானமே முதலில் அவர் ஒருத்தர் காலில் மட்டும் பட்டையைக் கட்டிச் சோதித்துப் பார்த்தார்கள்.

ஞாயிறு சாயங்காலம் நாலு மணிக்கு ஆட்டம். ரயில்வே லைனுக்குப் பின்னால் உள்ள மைதானம், உப்புத் தூசி படிந்து வெளுத்துப்போன புல். கோட்டோரத்தில் கம்பெனி பெயர் போட்ட ஒரு பந்தல், அதற்குள் ஐந்து நாற்காலி. ஐந்து பேரும் காலில் பட்டையும் காதில் கருவியுமாக உட்கார்ந்திருந்தார்கள், கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்த மாதிரி. பக்கத்தில் மிருதுளா பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தாள். ஜெபராஜ் ஏலக்காய் மென்றுகொண்டே கம்பெனிக்காரர்கள் நாலு பேருக்கு ஒவ்வொருவரையும் காட்டிக் கொடுத்தார். சந்தையில் மாட்டைக் காட்டுவதும் அப்படித்தான்.

முதல் பாதியில் பெரிதாக ஒன்றும் இல்லை. கஸ்பார் ஓடும்போதெல்லாம் முழங்காலில் குத்தல். எத்தனை என்று காதில் கேட்டது. மூன்று இருக்கும். பெத்துராஜ் "ஒண்ணு" என்றார். மற்றவர்களும் ஒன்று, இரண்டு என்று சொல்வது கேட்டது. ஆபீஸ் டீம் ஒரு கோல் போட்டது. கஸ்பார் திருப்பிப் போட்டான். கூட்டம் கடலைத் தொலியைக் காற்றில் விட்டுக் கூத்தாடியது.

இரண்டாம் பாதியில் இருபதாவது நிமிஷம் ஒரு தடியன் பக்கவாட்டில் விழுந்து கஸ்பாரின் காலை அடித்தான். கஸ்பார் உருண்டு எழுந்து உடனே ஓடினான். பந்தலுக்குள் பெத்துராஜின் முழங்காலுக்குள்ளே ஏதோ பிரிந்தது. மூட்டை வாயில் போட்ட தையலில் ஒரு முனையை இழுத்தால் சரசரவென்று முழுத் தையலும் பிரியுமே, அப்படி. அவர் உடம்பு முழுக்க வேர்த்துக் கொட்டியது.

அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்த மைதானத்தில் இருந்த ரெண்டாயிரம் பேரில் கஸ்பாரின் ஜவ்வு அறுந்தது ஐந்தே பேருக்குத்தான் தெரியும். கஸ்பாருக்கே தெரியாது. அவன் கையைத் தூக்கிப் பந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

எத்தனை என்றது காது.

பெத்துராஜ் வாயைத் திறந்தார். ஒன்பது என்று நாக்கு வரைக்கும் வந்தது. ஒன்பது என்றால் இவர் பங்கில் ஒரு பகுதி ரத்தினம் அண்ணாச்சி காலுக்கும் போகும். அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார். அவர் நாற்காலிக் கையைப் பிடித்த பிடியில் நரம்பு புடைத்திருந்தது, கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்து மீசைக்குள் போனது. பந்தைப் பார்த்தபடியே அவர் "ரெண்டு" என்றார்.

அந்த மனுஷனே ரெண்டு என்கிறார்.

"மூணு" என்றார் பெத்துராஜ்.

அலங்காரம் ரெண்டு என்றான். அவன் வாய் அன்றைக்குத்தான் முதல் முறையாக வேறு எதுவும் பேசவில்லை. கோயில்பிச்சை மூணு. தம்பி அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் மூணு. கூட்டினால் பதின்மூன்று. மிருதுளா பெட்டியைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள், மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

அதன்பிறகு எலும்பும் எலும்பும் அரைவதைப் பெத்துராஜ் கேட்டார். காதால் இல்லை. அம்மியில் மண் சிக்கினால் கைக்குத் தெரிகிற மாதிரி. அந்தக் காலோடு அவன் ஓடினான், வெட்டினான், திரும்பினான். அடுத்த முறை எத்தனை என்று கேட்டபோதும் மூணு என்றார். ஏற்கெனவே மூணு சொல்லியாகிவிட்டது, இப்போது கூட்டிச் சொன்னால் அப்போது சொன்னது பொய்யாகிவிடும் என்று ஒரு நினைப்பு. மனுஷன் எவ்வளவு கேவலமாக யோசிப்பான் என்பதற்கு அளவில்லை.

கடைசி நிமிஷத்தில் ஒரு பந்து உயர வந்தது. கஸ்பார் இடது காலை ஊன்றி எழும்பித் தலையால் முட்டினான். கோல். அவன் அதே காலில் இறங்கினான். முழங்கால் மடங்க வேண்டிய பக்கம் மடங்கவில்லை.

ஐந்து நாற்காலியும் கவிழ்ந்தன. ரத்தினம் குப்புற விழுந்து புல்லைக் கடித்தார். அலங்காரம் அலறினான். கோயில்பிச்சையும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிக்கொண்டு உருண்டார்கள். பெத்துராஜ் தன் குரலையே அடையாளம் தெரியாமல் கேட்டார். கூட்டம் பந்தலைப் பார்த்து விசிலடித்தது. "கிழவனுவ ஆட்டத்தைப் பாருலே" என்று யாரோ கத்தினார்கள். மேளம் அடித்தார்கள். ஜெயித்த சந்தோஷத்தில் இவர்கள் உருளுகிறார்கள் என்று நினைத்து இரண்டு பேர் வந்து பெத்துராஜ் மேல் சோடாவை ஊற்றினார்கள். சோடா கண்ணில் இனிப்பாக எரிந்தது.

அங்கே நடுவில் கஸ்பார் புல்லில் கிடந்து சிரித்துக்கொண்டிருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். கால் கூடவே வரவில்லை. ஏன் வரவில்லை என்று குனிந்து பார்த்தான். கம்பெனிக்காரன் ஒருவன் அதைப் படம் எடுத்தான்.

பட்டையை உடனே கழற்றக் கூடாது, கழற்றினால் மொத்தமும் கஸ்பாருக்குப் போய்விடும் என்று மிருதுளா சொன்னாள். ஆக வேனில் ஐந்து பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள். நடுவில் ஸ்ட்ரெச்சரில் கஸ்பார் பேசிக்கொண்டே வந்தான். கோப்பையை யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டான். பிளாரன்ஸுக்குச் சொல்லிவிட்டார்களா என்றான். முட்டி கழன்றுவிட்டது போல, ரெண்டு வாரத்தில் சரியாகிவிடும் இல்லையா மாமா என்றான். பெத்துராஜ் தலையை ஆட்டினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கத்தினார். காலில் கட்டியதை அவிழ்த்தால்தான் மருந்து கொடுக்க முடியும் என்றார். அவிழ்த்தார்கள். பெத்துராஜுக்கு ஒரு நொடியில் கால் லேசாகிவிட்டது. ஐயோ அப்பாடா என்று அவர் உடம்பு மூச்சு விட்டது. அதே நொடியில் உள்ளேயிருந்து கஸ்பாரின் குரல் வந்தது. அவன் காலை அவனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உடம்புக்குச் சுகமாக இருந்தது, அந்தச் சுகத்தை நினைத்துப் பெத்துராஜ் வராந்தாவில் வாந்தி எடுத்தார்.

காலை எடுக்கவில்லை. முழங்காலில் இரும்புத் தகடு வைத்து மடங்காமல் நிறுத்திவிட்டார்கள். நடக்கலாம். குந்த முடியாது, ஓட முடியாது, மூட்டைக்குக் கீழே முதுகைக் கொடுக்க முடியாது.

ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் பெத்துராஜ் போனார். பிளாரன்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கஸ்பார் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, அந்தத் தடியன் அடிச்சப்ப ஒங்களுக்கு எத்தன?"

"மூணு."

"மூணுதானா?"

"மூணுதாம்லே."

அவன் சரி என்று கண்ணை மூடிக்கொண்டான். அப்படியென்றால் யாரும் செய்வதற்கு ஒன்றுமில்லை, கால் சொல்லாமலே உடைந்துவிட்டது என்று நினைத்திருப்பான். அவன் அப்படி நினைக்கட்டும் என்றுதான் பெத்துராஜும் சொன்னார். ஆறுதலுக்காகச் சொன்னேன் என்று வாசல் வரைக்கும் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு போனார். வாசலுக்கு வந்தபோது அதை அவரே நம்பவில்லை.

இரண்டாம் வாரம் பஸ் ஸ்டாண்டில் பெரிய பலகை வைத்தார்கள். புல்லில் கிடந்து சிரிக்கிற கஸ்பார். உடைந்த காலைப் படத்தில் பாதியோடு வெட்டியிருந்தார்கள். கீழே எழுதியிருந்ததைப் பெத்துராஜ் எழுத்துக் கூட்டினார். வலி இல்லாத வெற்றி. பலகைக்குக் கீழே ஒருவன் நின்று மூத்திரம் பெய்துகொண்டிருந்தான். அது ஒன்றுதான் அந்த இடத்தில் சரியாக இருந்தது.

அன்றைக்கே வீட்டுக்குப் போய் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்தார். வேலை முடிந்து குளித்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே, தினமும் ஒரு பத்தி. ஒன்பதாம் நாள் நாலாம் பக்கத்துக்கு வந்தார். அதில் இப்படி இருந்தது: பட்டை அளக்கும் அளவுகள் நிறுவனத்துக்கே சொந்தம். சுமப்பவர் வாயால் சொல்லும் எண்ணே அவரது ஒப்புதலாகக் கொள்ளப்படும்.

முதல் வாக்கியத்தை மூன்று தரம் படித்தார். பட்டை அளக்கும். அப்படியானால் பட்டைக்கே தெரியும். பிறகு எதற்கு எங்களிடம் கேட்டது?

கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்கு மூன்று மாதம் ஆனது. அதற்குள் கஸ்பார் வேலைக்கு வந்துவிட்டான். குடோன் ஓரத்தில் உயரமான ஒரு ஸ்டூல் போட்டு, விறைத்த காலை நீட்டி உட்கார்ந்து, கோணி ஊசியால் மூட்டை வாய் தைக்கிற வேலை. பெண் குழந்தை பிறந்திருந்தது. செட்டில் யாரும் அவனிடம் பந்தைப் பற்றிப் பேசுவதில்லை. கோப்பை ஜெபராஜின் ஆபீஸ் அலமாரியில் இருந்தது. தகரம்தான், கைபட்ட இடமெல்லாம் கறுத்துப்போயிருந்தது.

ஒரு நாள் காலை ஜெபராஜும் மிருதுளாவும் பெட்டியோடு வந்தார்கள். பெரிய ஊர் கிளப் ஒன்று, பெரிய ஆட்டக்காரன், அவனுக்கும் முழங்கால். குளிர் ரூம், மூன்று வேளையும் கறிச்சோறு, உட்கார்ந்தே சம்பாத்தியம் என்றார் ஜெபராஜ். கம்பெனி எத்தனையோ ஊரில் எத்தனையோ பேரை வைத்துப் பார்த்ததாம். எவனும் பத்து நிமிஷத்தில் எட்டு, ஒன்பது என்று கத்திவிடுகிறானாம்.

"ஒங்கள மாதிரி சுமக்கதுக்கு ஆளே இல்லன்னுட்டாங்க வே" என்றார், பாராட்டு மாதிரி.

பெத்துராஜ் மூட்டையை இறக்கிவிட்டு வந்து மிருதுளாவிடம் கேட்டார். பட்டையே அளக்குமா தாயி?

"ஆமா. அதுவும் அளக்கும்."

"அன்னைக்கு அந்தத் தடியன் அடிச்சப்ப எவ்வளவு அளந்துச்சு?"

அவள் ஜெபராஜைப் பார்த்தாள். பிறகு முகத்துத் துணியைச் சரிசெய்தாள்.

"நாற்பத்தாறு."

"நாங்க சொன்னது?"

"பதிமூணு."

"நாப்பத்தாறப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தியா?"

"எனக்கு அதை வச்சு நிறுத்த அனுமதி இல்லண்ணா. நீங்க வாயால சொல்றதுதான் விதி. உங்க அஞ்சு பேர்ல யாராவது நிஜத்தைச் சொல்லியிருந்தா..." அவள் நிறுத்திக்கொண்டாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் பெத்துராஜின் வாயில் புளித்தது. அவர்கள் எண்ணைத் தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை, குரலைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கேட்டார்கள். சரி, அவர்கள் அப்படி. ஆனால் குரல் யாருடையது? பொய்யை யாரும் வாயில் ஊட்டிவிடவில்லை. அந்தக் கால் ஐந்து பேரைக் கூப்பிட்டுக் கதறியது. ஐந்து பேரும் கேட்டுவிட்டோம் என்று பதில் சொன்னார்கள், அதோடு சரி. எதிரே நின்ற அவளைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, தன் கையைப் பார்க்கவும் பிடிக்கவில்லை.

ஸ்டூலில் ஊசி ஓடும் சத்தம் நின்றிருந்தது. கஸ்பார் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பேச்செல்லாம் பொறவு வச்சுக்கிடுவோம். ஒரு சோதனைதான, பட்டையக் கட்டும்" என்றார் ஜெபராஜ்.

ஐந்து பேரும் வரிசையாக மூட்டை மேல் உட்கார்ந்தார்கள். மிருதுளா ஒவ்வொரு காலிலும் பட்டையைக் கட்டினாள், காதில் கருவியை மாட்டினாள். முதலில் குரல் சரியாகப் பதிகிறதா பார்க்கலாம் என்று ஒரு பொத்தானைத் தட்டினாள்.

எத்தனை என்றது காது.

"பத்து" என்றார் பெத்துராஜ்.

மிருதுளா நிமிர்ந்தாள். "அண்ணா, நான் இன்னும் வலியை ஆன் பண்ணவே இல்ல. சும்மா பூஜ்யம்னு சொல்லுங்க."

"கேட்டுச்சு, சொன்னேன். வாயால சொல்லுததுதான் விதின்னு நாலாம் பக்கத்துல எழுதிருக்கு. படிச்சிட்டேன். பத்து."

அலங்காரம் ஒரு தரம் கஸ்பாரின் நீட்டிய காலைப் பார்த்தான். "எனக்கும் பத்துதான் தாயி. பதினொண்ணு இருந்தா அதையும் எழுதிக்கோ."

கோயில்பிச்சை பத்து என்றான். தம்பி இந்த முறை அண்ணன் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

மிச்சம் ரத்தினம். அந்த வழக்கத்தை அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். முப்பத்தைந்து வருஷமாகக் காத்து என்று மட்டுமே சொன்ன வாய். ஜெபராஜ், "அண்ணாச்சி, நீங்களாவது வெவரமாச் சொல்லுங்க" என்றார். ரத்தினம் தரையில் சிந்திக்கிடந்த உப்பையே வெகுநேரம் பார்த்தார். காது இரண்டாம் முறை கேட்டது.

"பத்து" என்றார். சொல்லிவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

பெட்டி சிவப்பாக மின்னியது. மொத்தம் ஐம்பது, இந்தக் குழு தகுதியில்லை என்று அதுவாகவே எழுதிப் பூட்டிக்கொண்டது. மிருதுளா பட்டைகளைக் கழற்றினாள். ஜெபராஜ் மென்றதைத் தரையில் துப்பிவிட்டு, ஒங்களுக்கெல்லாம் எவன் நல்லது செய்வான் என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

"மாமா," என்றான் கஸ்பார் ஸ்டூலிலிருந்து. "அன்னைக்கும் பத்தா?"

பெத்துராஜ் அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார். "அன்னைக்கும் பத்துதாம்லே."

கஸ்பார் ஊசியில் சணல் கோத்தான். ஊசிக் காது கிடைக்காமல் இரண்டு மூன்று தரம் தவறிப்போனது. கோத்து முடித்துத் தைக்கத் தொடங்கினான். அன்று மத்தியானம் வரைக்கும் அவன் யாரையும் பார்க்கவில்லை. பெத்துராஜ் கொண்டுவந்து வைத்த டீ ஆறி ஏடு படிந்து அப்படியே இருந்தது.

மூன்று மணிக்கு நனைந்த சரக்கு வந்தது. முந்தின நாள் மழையில் நின்ற லாரி. கோயில்பிச்சையும் தம்பியும் கஸ்பார் தைத்து முடித்த மூட்டையைத் தூக்கிப் பெத்துராஜின் முதுகில் வைத்தார்கள். வழக்கமாகக் கேட்க வேண்டிய கோயில்பிச்சை கேட்கவில்லை. இனிமேல் அதைக் கேட்கலாமா கூடாதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

கேட்டது கஸ்பார்.

"கனமா மாமா?"

"கனம்தாம்லே" என்றார் பெத்துராஜ். "ரொம்பக் கனம்."

கஸ்பார் ஊசியைக் காதுக்குப் பின்னால் செருகினான். ஸ்டூலைப் பிடித்து எழுந்து, விறைத்த காலை இழுத்துக்கொண்டு வந்தான். மூட்டையை இறக்கச் சொன்னான். தான் போட்ட தையலைத் தானே பிரித்து, வாயைத் திறந்து, கையால் ஈர உப்பை அள்ளி அள்ளித் தரையில் போட்டான். எடை குறையுமே என்று யாரும் கேட்கவில்லை. போதும் என்று தோன்றியதும் நிறுத்தி, மறுபடி தைத்தான்.